அமெரிக்க அதிபர்களும் வெளியுறவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு உலக வரலாறு சொல்லித் தருகிறேன். அமெரிக்கா என்று பாடம் வந்துவிட்டால், ஆண்டுதோறும் முகங்கள்தான் மாறுகின்றன, கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லா அதிபர்களும் இதில் வரமாட்டார்கள். ஒருவர் அவசரத்துக்குச் செய்த காரியம் அடுத்து வந்தவருக்கு உரிமையாகிப்போன இடங்களுக்குத்தான் முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

அமெரிக்க அதிபர் நினைச்சா யார் மேல வேணும்னாலும் போர் தொடுக்கலாமா சார்?

அரசியல் சட்டப்படி முடியாது. போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு. (நம்மூர் காங்கிரஸ் கட்சியோடு இதைக் குழப்பிக்கொள்பவர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது இருக்கிறார்.) அதிபர் முப்படைகளின் தலைமைத் தளபதி. போருக்குப் போவதா என்று முடிவு செய்வது ஒரு தரப்பு, போரை நடத்துவது இன்னொரு தரப்பு என்று 1787இல் பிலடெல்பியாவில் சட்டம் எழுதியவர்கள் வேண்டுமென்றேதான் பிரித்து வைத்தார்கள்.

நடைமுறை வேறு. காங்கிரஸ் முறைப்படி போர் அறிவித்தது கடைசியாக 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய நாடுகள் மீது. அதற்குப் பிறகு கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான், இராக் என்று எத்தனையோ இடங்களில் அமெரிக்கப் படைகள் சண்டையிட்டன. ஒன்றுக்குக்கூட முறையான போர் அறிவிப்பு கிடையாது. சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இவ்வளவு தூரம் எப்படி விழுந்தது என்பதுதான் கீழே உள்ள பல பதில்களில் வருகிறது.

சரி, ஒப்பந்தம்னா? அவர் கையெழுத்து போட்டா முடிஞ்சுதுதானே?

முடியாது. வெளிநாட்டோடு செய்யும் ஒப்பந்தத்துக்கு, காங்கிரஸின் மேலவையான செனட் அவையில் அன்று இருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும். எதிர்க்கட்சியின் ஆதரவு இல்லாமல் இந்த எண்ணிக்கை பெரும்பாலும் தேறாது.

அதனால் அதிபர்கள் ஒரு பக்கவழி கண்டுபிடித்தார்கள். செனட்டுக்கே போகாமல், தம் அதிகாரத்திலேயே செய்துகொள்ளும் 'நிர்வாக உடன்பாடு' அது. 1940இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பிரிட்டனுக்கு 50 பழைய போர்க்கப்பல்களைக் கொடுத்து, பதிலுக்குக் கடற்படைத் தளங்களுக்கான இடங்களை 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கியது இப்படித்தான். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அடுத்து வருபவர் அதை அதே வேகத்தில் தூக்கியும் போடலாம். அந்தக் கதை கடைசிக் கேள்வியில்.

யாரோடயும் கூட்டணி வேண்டாம்னு வாஷிங்டன் சொன்னாராமே? அப்புறம் நேட்டோ எப்படி வந்துச்சு?

முதல் அதிபரான அவர் வேண்டாம் என்றது நிரந்தரக் கூட்டணியை. ஆபத்துக் காலத்தில் தற்காலிகமாகச் சேர்வதில் தவறில்லை என்றும் அதே பிரியாவிடை உரையில் சொல்லியிருக்கிறார். உரை என்கிறோமே தவிர, அதை அவர் எந்த மேடையிலும் வாசிக்கவில்லை. 1796 செப்டம்பரில் பத்திரிகையில்தான் வெளியிட்டார்.

பின்னணி தெரிந்தால் காரணம் புரியும். சுதந்திரப் போரின்போது, 1778இல், பிரான்ஸோடு கூட்டணி போட்டுத்தான் அமெரிக்கர்கள் ஜெயித்தார்கள். பிறகு பிரெஞ்சுப் புரட்சி வெடித்து, பிரான்ஸும் பிரிட்டனும் 1793இல் மோதிக்கொண்டன. பழைய கூட்டாளி பக்கம் போனால் புதிய நாடு தாங்காது என்று வாஷிங்டன் நடுநிலை அறிவித்தார். காங்கிரஸைக் கேட்காமல் இப்படி அறிவிக்கலாமா என்ற சண்டை அப்போதே வந்தது. வெளியுறவில் அதிபர் முந்திக்கொள்ளும் வழக்கத்துக்கு இதுதான் பிள்ளையார் சுழி. பிரான்ஸோடு இருந்த கூட்டணி 1800இல் முடிந்த பிறகு, ஐரோப்பிய நாடுகளோடு நிரந்தர ராணுவக் கூட்டணிக்கு அமெரிக்கா சம்மதித்தது 1949இல், நேட்டோவில்தான்.

ஜெபர்சன் லூசியானாவை விலைக்கு வாங்கினார். நிலம் வாங்குறதுல என்ன பெரிய வரலாறு?

வாங்கிய அளவைப் பாருங்கள். 1803இல் பிரான்ஸிடமிருந்து 1.5 கோடி டாலருக்குச் சுமார் 8,28,000 சதுர மைல். ஏக்கருக்கு மூன்று சென்ட்கூட வரவில்லை (நம்மூர் நில அளவுச் சென்ட் இல்லை, டாலரில் நூறில் ஒரு பங்கு). நாட்டின் பரப்பு கிட்டத்தட்ட இரு மடங்கானது.

ஜெபர்சன் கேட்டது நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தையும் அதை ஒட்டிய பகுதியையும்தான். மிசிசிப்பி ஆற்றின் வாய் வேறு நாட்டின் கையில் இருந்தால் உள்நாட்டு விவசாயிகளின் சரக்கு கடலுக்குப் போகாது. ஆனால் ஹெய்ட்டியில் அடிமைகள் நடத்திய புரட்சியும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து நெப்போலியனின் படையை அழித்துவிட்டன. அமெரிக்காவில் பேரரசு அமைக்கும் கனவு போனது. பிரிட்டனோடு அடுத்த போருக்குப் பணமும் வேண்டும். மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பாரிஸில் இருந்த தூதர்கள் லிவிங்ஸ்டனும் மன்ரோவும், ஊருக்குக் கடிதம் போட்டுக் கேட்க நேரமில்லாமல், தாங்களாகவே சம்மதித்தார்கள். இதில் வேடிக்கை, கடன்பத்திரங்களை எடுத்துக்கொண்டு பணத்துக்கு ஏற்பாடு செய்தவர்களில் லண்டனின் பேரிங் நிறுவனமும் உண்டு.

வெளிநாட்டு நிலத்தை வாங்கும் அதிகாரம் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. சட்டத்தில் இல்லாததை அரசு செய்யக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர் ஜெபர்சன். அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றை எழுதியும் பார்த்தார். அதற்குள் நெப்போலியன் மனம் மாறிவிட்டால்? திருத்தத்தை மூடி வைத்துவிட்டு ஒப்பந்தத்தை செனட்டுக்கு அனுப்பினார். அந்த மண்ணில் வாழ்ந்த பழங்குடி மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மன்ரோ கோட்பாடுனா என்ன? அப்போ அமெரிக்கா சின்ன நாடுதானே, ஐரோப்பா எப்படி பயந்துச்சு?

பயப்படவில்லை. 1823 டிசம்பரில் அதிபர் மன்ரோ காங்கிரஸுக்கு அனுப்பிய ஆண்டறிக்கையில் வந்த சில பத்திகள்தான் பின்னாளில் கோட்பாடு என்று பெயர் பெற்றன. அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய நாடுகள் இனிப் புதிய குடியேற்றங்கள் அமைக்கக் கூடாது, ஐரோப்பாவின் சண்டைகளில் நாங்களும் தலையிட மாட்டோம் என்பதே அதன் சாரம். எழுதியதில் பெரும்பங்கு வெளியுறவு அமைச்சர் ஜான் குயின்சி ஆடம்ஸுடையது. தென் அமெரிக்க வணிகத்தை விரும்பிய பிரிட்டன், கூட்டாக அறிவிக்கலாம் என்று அழைத்திருந்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பின்னால் மிதக்கும் சிறு படகாக நாம் தெரியக் கூடாது என்று ஆடம்ஸ் மறுத்துவிட்டார். ஆனால் பல பத்தாண்டுகள் அந்தக் கொள்கையைக் காத்து நின்றது பிரிட்டிஷ் கடற்படைதான்.

1904இல் தியோடர் ரூஸ்வெல்ட் இதில் ஒரு வாலைச் சேர்த்தார். லத்தீன் அமெரிக்க நாடு எதுவும் கடனைக் கட்டாமல் ஐரோப்பியர் வசூலுக்கு வரும் நிலை உண்டானால், அமெரிக்காவே காவல்காரனாக உள்ளே நுழையும் என்றார். வெளியாரை உள்ளே விடமாட்டேன் என்ற பேச்சு, நானே உள்ளே வருவேன் என்று ஆகிவிட்டது. நிகரகுவா, ஹெய்ட்டி, டொமினிகன் குடியரசு ஆகிய நாடுகளில் அமெரிக்கப் படைகள் ஆண்டுக்கணக்கில் இருந்ததற்கு இதுவே நியாயமாகச் சொல்லப்பட்டது.

கலிஃபோர்னியாவை மெக்சிகோகிட்ட இருந்து பிடுங்கினாங்களா, வாங்கினாங்களா?

பிடுங்கிவிட்டுப் பணமும் கொடுத்தார்கள். பாடப்புத்தகங்கள் அன்றைய அதிபர் ஜேம்ஸ் போல்க்கை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டிய முதல் ஐந்து பேரில் அவர் ஒருவர். கலிஃபோர்னியாவை விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பினார், மெக்சிகோ பேசவே மறுத்தது. 1846இல், இரு நாடுகளும் உரிமை கொண்டாடிய ரியோ கிராண்டே ஆற்றங்கரைக்குப் படையை அனுப்பினார். எதிர்பார்த்தபடியே மோதல் நடந்தது. அமெரிக்க மண்ணில் அமெரிக்க இரத்தம் சிந்தப்பட்டுவிட்டது, போர் ஏற்கனவே தொடங்கிவிட்டது என்று காங்கிரஸிடம் போனார். களத்தில் வீரர்கள் நிற்கும்போது யார் வேண்டாம் என்பார்கள்? காங்கிரஸ் போர் அறிவித்தது.

இரத்தம் சிந்திய அந்த இடம் எது, காட்டுங்கள் என்று பிரதிநிதிகள் சபையில் ஒரு புதுமுக உறுப்பினர் விடாமல் கேட்டார். அவர் ஆபிரகாம் லிங்கன். 1848 பிப்ரவரியில் போட்ட ஒப்பந்தப்படி மெக்சிகோவுக்குக் கிடைத்தது 1.5 கோடி டாலர், லூசியானாவுக்குக் கொடுத்த அதே தொகை. டெக்சஸையும் சேர்த்தால் அந்த நாடு பாதிக்கு மேல் நிலத்தை இழந்தது. ஒப்பந்தத்துக்கு ஒன்பது நாள் முன்புதான் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. கையெழுத்துப் போட்ட இரு தரப்புக்கும் அந்தச் செய்தி அப்போது எட்டவில்லை.

லிங்கன் உள்நாட்டுப் போர் நடத்தினவர். வெளியுறவுல அவருக்கு என்ன வேலை?

பிரிட்டனும் பிரான்ஸும் தென் மாநிலங்களைத் தனி நாடாக அங்கீகரிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் தென் மாநிலங்களின் பருத்தியை நம்பியிருந்தன. வடக்கின் கடற்படை துறைமுகங்களை முற்றுகையிட்டதும் பஞ்சு வரத்து நின்றது. 1861இல் ஒரு பிரிட்டிஷ் கப்பலை மறித்துத் தெற்கின் தூதர்கள் இருவரை வடக்கின் கடற்படை பிடித்துச் சென்றபோது, பிரிட்டனோடும் போர் மூளும் போலிருந்தது. லிங்கன் கௌரவம் பார்க்காமல் இருவரையும் விடுவித்தார். 1863 ஜனவரி 1இல் அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த பிறகு, அடிமை முறைக்காகச் சண்டையிடும் பக்கத்தை ஆதரிப்பது பிரிட்டிஷ் அரசுக்கு மிகவும் கடினமாகிவிட்டது.

அந்தப் பஞ்சுப் பஞ்சத்தில் இந்தியப் பருத்திக்கு விலை ஏறி, பம்பாயில் பணம் கொட்டியது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து, வணிகர்களும் வங்கிகளும் திவாலானார்கள்.

ரூஸ்வெல்ட் ரெண்டு பேரா, ஒருத்தரா?

இரண்டு பேர், தூரத்து உறவினர்கள். தியோடர் குடியரசுக் கட்சி, 1901 முதல் 1909 வரை. பிராங்க்ளின் ஜனநாயகக் கட்சி, 1933 முதல் 1945 வரை. பிராங்க்ளினின் மனைவி எலினார், தியோடருக்கு அண்ணன் தம்பி வழி மகள்.

தியோடர் என்றால் பனாமா. கால்வாய்க்கு இடம் கொடுக்கும் ஒப்பந்தத்தைக் கொலம்பியாவின் செனட் நிராகரித்தது. 1903 நவம்பரில் பனாமா தனி நாடாகப் பிரிந்தது. அமெரிக்கப் போர்க்கப்பல் கரையோரம் நின்றதால் கொலம்பியாவால் அடக்க முடியவில்லை. சில நாளில் அங்கீகாரம், சுமார் இரண்டு வாரத்தில் ஒப்பந்தம். பனாமா சார்பில் கையெழுத்திட்டவரோ ஒரு பிரெஞ்சுக்காரர்! அதே தியோடர்தான் ரஷ்ய ஜப்பானியப் போரை நிறுத்தியதற்காக 1906இல் அமைதிக்கான நோபல் பரிசும் வாங்கினார். அடுத்த ஆண்டு 16 போர்க்கப்பல்களை உலகம் சுற்ற அனுப்பினார். பணம் தரமாட்டோம் என்று காங்கிரஸில் சிலர் முறைத்தபோது, பசிபிக் வரை போகக் கையில் பணம் இருக்கிறது என்று பதில் வந்தது. திரும்பி வர யார் பணம் ஒதுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. அந்தக் கப்பல்கள் 1908 டிசம்பரில் கொழும்பிலும் நின்றன.

சர்வதேச சங்கம் அமைக்கச் சொன்னதே வில்சன்தானே? அமெரிக்கா ஏன் அதுல சேரலை?

இரண்டாவது பதிலில் சொன்ன அந்த மூன்றில் இரண்டு பங்குதான் காரணம். 1919இல் செனட் எதிர்க்கட்சியின் கையில் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்து நடந்த பாரிஸ் பேச்சுவார்த்தைக்கு வில்சன் அந்தக் கட்சியின் முக்கியத் தலைவர் ஒருவரைக்கூட அழைத்துப் போகவில்லை. செனட்டில் அந்தக் கட்சியின் தலைவரான ஹென்றி கேபட் லாட்ஜ், சங்கத்தின் விதிகளும் அடங்கிய அமைதி ஒப்பந்தத்தைச் சில நிபந்தனைகளோடு ஏற்கலாம் என்றார். வில்சன் ஒரு சொல்லையும் மாற்றச் சம்மதிக்கவில்லை. மக்களிடமே பேசுகிறேன் என்று ரயிலில் நாடு சுற்றக் கிளம்பி, உடல் தளர்ந்து, அக்டோபரில் பக்கவாதத்தில் விழுந்தார். ஒப்பந்தம் நவம்பரில் ஒரு முறை, 1920 மார்ச்சில் இன்னொரு முறை தோற்றது. லாட்ஜ் மீது பழி போடுவது வழக்கம். வில்சன் கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் தேவையான வாக்குகள் கிடைத்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடக்கப்போகுதுன்னு ரூஸ்வெல்ட்டுக்கு முன்னாடியே தெரியும்னு யூடியூப்ல சொல்றாங்களே?

ஆதாரம் இல்லை. ஜப்பானியத் தூதரகச் சங்கேத மொழியை அமெரிக்கர்கள் உடைத்திருந்தார்கள் என்பது உண்மை. ஜப்பான் எங்கோ தாக்கப்போகிறது என்று தெரிந்திருந்தது. எதிர்பார்த்தது பிலிப்பைன்ஸ், மலாயா பக்கம். பேர்ல் ஹார்பர் இருக்கும் ஹவாயைத் தாக்கப்போவதாகச் சொல்லும் தகவல் எதுவும் அந்தத் தூதரகச் செய்திகளில் இல்லை.

நடுநிலை பேசிக்கொண்டே ரூஸ்வெல்ட் போரை நோக்கி நகர்ந்தார் என்றால் ஒத்துக்கொள்ளலாம். கப்பல் பேரம் மேலே வந்தது. 1941 மார்ச்சில், பிரிட்டனுக்கு ஆயுதம் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளும் கடன் குத்தகைச் சட்டம் வந்தது. அதை அவர் காங்கிரஸ் வழியாகவே நிறைவேற்றினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான்கு முறை தேர்தலில் ஜெயித்த ஒரே அதிபர் அவர். மறுபடி யாரும் அப்படி ஜெயிக்கக் கூடாது என்று 1951இல் 22ஆவது திருத்தம் வந்தது.

ட்ரூமன்னா அணுகுண்டு. அதைத் தவிர அவரைப் பத்தி படிக்க என்ன இருக்கு?

இன்றைய அமெரிக்க அதிபரின் கைக்கருவிகளில் பாதி அவர் காலத்தவை. துணை அதிபராக 82 நாள் இருந்தவர், ரூஸ்வெல்ட் இறந்ததும் 1945 ஏப்ரலில் பதவிக்கு வந்தார். அணுகுண்டுத் திட்டம் பற்றிய முழு விவரம் அவருக்குச் சொல்லப்பட்டதே அதற்குப் பிறகுதான். 1947இல் ஒரே சட்டத்தில் தேசியப் பாதுகாப்பு அவையும் சிஐஏ என்ற உளவு அமைப்பும் பிறந்தன. அதே ஆண்டு, கம்யூனிஸத்தைத் தடுக்க கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டு அவர் ஆற்றிய உரை ட்ரூமன் கோட்பாடு ஆனது. அப்புறம் போரில் நொடிந்த ஐரோப்பாவுக்கு உதவிய மார்ஷல் திட்டம், நேட்டோ.

எல்லாவற்றையும்விடப் பெரியது கொரியா. 1950 ஜூனில் காங்கிரஸின் வாக்கெடுப்பு இல்லாமலேயே படையை அனுப்பினார். ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானம் போதும் என்றார். முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்த போர் அது. போல்க்காவது முதலில் படையை நகர்த்திவிட்டு, பிறகு காங்கிரஸிடம் போனார். ட்ரூமன் போகவே இல்லை. அவர் உருவாக்கிய சிஐஏவை வைத்து, அடுத்து வந்த ஐசனோவர் 1953இல் ஈரானில் மொசாதெக் ஆட்சியைக் கவிழ்த்தார்.

கியூபா ஏவுகணை நெருக்கடியில கென்னடி ஜெயிச்சாரா, குருஷேவ் ஜெயிச்சாரா?

1962 அக்டோபரில் சோவியத் தலைவர் குருஷேவ் கியூபாவிலிருந்து ஏவுகணைகளைத் திரும்ப எடுத்தார். உலகம் பார்த்தது அதை மட்டும்தான். துருக்கியில் நிறுத்தியிருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துவிடுவதாகக் கென்னடி ரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தார், சில மாதங்களில் எடுத்தும்விட்டார். விஷயம் வெளியே வராதவரை, உறுதியாக நின்றால் எதிராளி பணிவான் என்ற தவறான பாடத்தையே பலர் கற்றார்கள். வியட்நாமில் அந்தப் பாடம் உதவவில்லை.

இதே நாட்களில்தான், அக்டோபர் 20இல், சீனா இந்தியாவைத் தாக்கியது. இரண்டையும் ஒரே காலக்கோட்டில் போட்டுப் படியுங்கள்.

ஜான்சன் இந்தியாவுக்குக் கோதுமை கொடுத்தாரா, இல்ல அதை வச்சு மிரட்டினாரா?

இரண்டும். 1965, 1966 ஆண்டுகளின் வறட்சியில் இந்தியா அமெரிக்கக் கோதுமையை நம்பி இருந்தது. ஜான்சன் அதை மொத்தமாக அனுமதிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக, கப்பல் கப்பலாக விடுவித்தார். இந்தியா விவசாயத்துக்குக் கூடுதல் பணம் போட வேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். வியட்நாம் குண்டுவீச்சை இந்தியா கண்டித்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. அன்றைய உணவு, வேளாண்மை அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம், 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஃப்ரீமனைச் சந்தித்து உடன்பாடு செய்தார். அடுத்த ஆண்டு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. பசுமைப் புரட்சி எப்படியும் வந்திருக்கும் என்பவர்கள் உண்டு. கப்பலை எண்ணிக் காத்திருந்த அவமானம் அதை வேகப்படுத்தியது என்பதே என் கணிப்பு.

ஜான்சன் 1965இல் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். அதற்கு முன் இந்தியாவுக்கான ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். இன்று அமெரிக்காவில் இவ்வளவு தமிழர்கள் இருப்பதற்கு அந்தச் சட்டம்தான் கதவைத் திறந்தது.

1971ல நிக்சன் ஏன் பாகிஸ்தான் பக்கம் நின்னார்?

சீனாவுக்குப் போகும் வழி அங்கே இருந்தது. பாகிஸ்தான் அதிபர் யாஹியா கான் வழியாகத்தான் பெய்ஜிங்குக்கு ரகசியச் செய்திகள் போய்வந்தன. 1971 ஜூலையில் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிசிங்கர் பாகிஸ்தானில் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு சீனாவுக்குப் பறந்தார். கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த படுகொலைகளைக் கண்டித்து டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரக அதிகாரிகளே தந்தி அனுப்பியும் நிக்சன் அசையவில்லை. டிசம்பரில் இந்திய பாகிஸ்தான் போர் நடந்தபோது என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலை வங்கக் கடல் நோக்கி அனுப்பினார். டிசம்பர் 16இல் டாக்கா வீழ்ந்தது. இரண்டு மாதம் கழித்து நிக்சன் பெய்ஜிங்கில் மாவோவோடு கைகுலுக்கினார். சீனாவோடு உறவு அந்த நூற்றாண்டின் பெரிய ராஜதந்திர நகர்வு என்பதில் சந்தேகமில்லை. அதற்கான விலையை வங்காளிகள் கொடுத்தார்கள்.

சோவியத் யூனியனை உடைச்சது ரீகன்தானே?

உடைந்தது 1991 டிசம்பரில், மூத்த புஷ் காலத்தில். அந்த ஆகஸ்டில்கூட புஷ் கீவ் நகருக்குப் போய், தற்கொலைக்கு ஒப்பான தேசியவாதம் வேண்டாம் என்று உக்ரைனியர்களுக்கு அறிவுரை சொன்னார். ரீகனின் ஆயுதச் செலவு அழுத்தம் தந்தது. ஆனால் அவருக்குச் சேர வேண்டிய பெருமை வேறிடத்தில் இருக்கிறது: தீய பேரரசு என்று திட்டியவரே சோவியத் தலைவர் கோர்பச்சேவை நம்பி, 1987இல் நடுத்தூர அணு ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தம் போட்டார். மற்றபடி சோவியத் பொருளாதாரம் உள்ளிருந்தே செல்லரித்துக்கொண்டிருந்தது.

அதிபர் தன்னிச்சையா போருக்குப் போறதைத் தடுக்க 1973லயே சட்டம் வந்துச்சே, அது என்னாச்சு?

முதலில் அது ஏன் வந்தது என்று பார்ப்போம். 1964 ஆகஸ்டில் வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாக ஜான்சன் சொன்னார். இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. அந்தப் பேச்சை நம்பி, தேவையான எதையும் செய்யலாம் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது. செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் வியட்நாமுக்குப் போனது அந்தத் தீர்மானத்தை வைத்துத்தான். சூடுபட்ட காங்கிரஸ், நிக்சனின் வீட்டோவையும் மீறி 1973இல் போர் அதிகாரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. படையைச் சண்டைக்கு அனுப்பினால் 48 மணி நேரத்தில் அறிவிக்க வேண்டும். 60 நாளில் காங்கிரஸ் அனுமதிக்காவிட்டால் திரும்ப அழைக்க வேண்டும்.

அறிக்கை மட்டும் ஒழுங்காக வருகிறது. 1999இல் கிளின்டனின் கொசோவோ குண்டுவீச்சு 78 நாள் நடந்தது. 2011இல் லிபியாவில் நடப்பது அந்தச் சட்டம் சொல்லும் சண்டையே அல்ல என்று ஒபாமாவின் சட்ட ஆலோசகர்கள் வாதிட்டார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு காங்கிரஸ் கொடுத்த அனுமதியைப் பிரதிநிதிகள் சபையில் எதிர்த்தவர் பார்பரா லீ ஒருவர்தான். அல்கொய்தாவுக்காக எழுதிய அதை வைத்தே, அடுத்தடுத்த அதிபர்கள் அப்போது பிறக்காத அமைப்புகள் மீதும் பல நாடுகளில் குண்டு போட்டார்கள். நீதிமன்றங்களும் பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கின்றன.

ஒரு அதிபர் போட்ட ஒப்பந்தத்தை அடுத்தவர் கிழிச்சுப் போடலாமா?

நிர்வாக உடன்பாடு என்றால் தாராளமாக. 2015 ஈரான் அணு உடன்பாட்டை ஒபாமா செனட்டின் ஒப்புதலுக்கு அனுப்பவில்லை, அனுப்பினாலும் தேறியிருக்காது. 2018 மே மாதம் டிரம்ப் ஒரு கையெழுத்தில் விலகினார். பாரிஸ் பருவநிலை உடன்பாட்டில் ஒபாமா சேர்ந்தார், டிரம்ப் விலகினார், பைடன் சேர்ந்தார், மறுபடி வந்த டிரம்ப் மறுபடி விலக உத்தரவிட்டார்.

செனட் ஒப்புதல் பெற்ற ஒப்பந்தம் என்றால்தான் சிக்கல். சேருவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று சொல்லும் அரசியல் சட்டம், விலகுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சீனாவை அங்கீகரிப்பதற்காகத் தைவானோடு இருந்த பாதுகாப்பு ஒப்பந்தத்தைக் கார்ட்டர் தாமாகவே முடித்தபோது, செனட்டர் கோல்டுவாட்டர் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 1979இல் தீர்ப்புச் சொல்லாமலே வழக்கைத் தள்ளிவிட்டது. அன்று முதல் விலகும் உரிமை அதிபருடையது என்பதே வழக்கமாகிவிட்டது. நேட்டோவுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று 2023 டிசம்பரில் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ, காங்கிரஸின் தனிச் சட்டமோ இல்லாமல் எந்த அதிபரும் நேட்டோவிலிருந்து விலக முடியாது. அதையும் மீறி ஒருவர் விலகினால், வழக்குப் போடும் தகுதி யாருக்கு என்ற கேள்வியில்தான் நீதிமன்றம் முதலில் நிற்கும்.